சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் ஆண்-பெண் சமத்துவத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

கேட்டவர் மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிப்பவர். சமூகப்பணி மாணவர்கள் ஆண்-பெண் பாத்திரங்களையும் சமத்துவத்தையும் எப்படிப் பார்க்கிறார்கள், மற்ற துறை மாணவர்களைவிட முற்போக்காக இருக்கிறார்களா, இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

தாராளமாக எடுக்கலாம். ஆனால் வினாத்தாளை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நான் மதுரைக்கு மேற்கே, செல்லம்பட்டி, உசிலம்பட்டி பக்கம் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். மதுரை, திண்டுக்கல் கல்லூரிகளிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்பதும் என் வேலை, எழுதிக்கொண்டு வரும் களப்பணிப் பதிவேட்டைத் திருத்துவதும் என் வேலை. பேச்சில் இருக்கிற சமத்துவம் பதிவேட்டுக்கு வரும்போது பாதியாகிவிடுகிறது. என் பதில் முழுக்க அந்தப் பாதியைப் பற்றித்தான்.

முதலில் வினாத்தாள் விஷயம். "பெண்கள் உயர்கல்வி படிக்கலாம்", "பெண் தலைமைப் பதவிக்கு வரலாம்" என்று வாக்கியங்களைக் கொடுத்து, 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' தொடங்கி ஐந்து கட்டங்களில் ஒன்றை டிக் அடிக்கச் சொன்னால், நம் பிள்ளைகள் எல்லாரும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். வாங்காமல் என்ன செய்வார்கள்? சமூக நீதி, மனித மாண்பு என்று முதல் செமஸ்டரிலேயே பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்கள். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் ஆசிரியர் முகம் மலரும் என்று தெரியாதா? பெண்கள் ஆண்களைவிடச் சமத்துவம் பக்கம் சாய்வார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. நீங்களும் அறுபது பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, வேறுபாடு தற்செயலா இல்லையா என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனை போட்டு, 'இருபாலரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது' என்று எழுதினால் அதுவும் ஒரு ஆய்வேடாக நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்பென்ஸ், ஹெல்ம்ரைக் என்ற இருவர் அமெரிக்காவில் 1972-இல் வெளியிட்ட மனப்பான்மை அளவுகோலை இன்னும் நம் ஊர் ஆய்வேடுகளில் பார்க்கிறேன். அது அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்ணை மனதில் வைத்துச் செய்தது. அதன் பெரும்பாலான வாக்கியங்களுக்கு இன்றைக்கு எந்த மாணவரும் தயங்காமல் சரியான பதிலைச் சொல்லிவிடுவார். கெட்ட வார்த்தை பேசுவது ஆணைவிடப் பெண்ணுக்கு அதிக அசிங்கம் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் உண்டு. அது மட்டும் மதுரையில் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

உங்களுக்கு உதவக்கூடியது கிளிக், ஃபிஸ்க் இருவரும் 1996-இல் கொண்டுவந்த அளவுகோல். 22 வாக்கியங்கள். பாதி, பெண்ணை மட்டம் தட்டும் பகைமையை அளக்கும். மறுபாதி, பெண்ணைப் போற்றிக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவளைக் கட்டிப்போடும் பரிவை அளக்கும். எங்களிடம் வரும் பையன்களில் பெரும்பாலோருக்கு முதல் பாதி கிட்டத்தட்ட இல்லை. மரியாதையாகப் பேசுகிறவர்கள், கிண்டல்கூட யோசித்துத்தான் செய்கிறார்கள். இரண்டாவது பாதிதான் வழிந்து நிற்கிறது. 'நான் அக்கா தங்கச்சியோட பொறந்தவன் மேடம்' என்பார்கள். அதற்கு மேல் தங்களிடம் யாரும் சமத்துவம் பற்றிக் கேட்கத் தேவையில்லை என்று அவர்களுக்கு உறுதியான எண்ணம்.

இந்தப் பரிவு களத்தில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். எங்கள் பகுதியில் மகளிர் குழுக் கூட்டம் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் கூடும். களை எடுக்கப் போனவர்கள் வந்து, குளித்து, உலை வைத்துவிட்டு வர வேண்டுமே. இரண்டு மாணவர்களும் இரண்டு மாணவிகளுமாக நான்கு பேர் அன்றைக்கு வந்திருந்தார்கள். நாலரை மணிக்கே மாணவிகளைப் பையன்கள் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெண்கள் விடுதிக் கதவை ஆறரைக்குப் பூட்டுகிறார்கள், ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில் அந்த மகளிர் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது இரண்டு பையன்கள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பெண்கள் கடன் தவணையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலைந்துவிட்டார்கள். பதிவேட்டில் 'பாதுகாப்பு கருதி மாணவிகள் முன்னதாக அனுப்பி வைக்கப்பட்டனர்' என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கூட்டத்தில் என்ன பேச்சு வராமல் போனது என்று ஒரு வரியும் இல்லை. பையன்கள் நல்ல பிள்ளைகள்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதனால்தான் எந்த வினாத்தாளிலும் இது மாட்டாது.

பையன்களை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. பாலினம் பற்றிய தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவி, ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்து இப்படி எழுதியிருந்தார்: 'கணவர் மதுப்பழக்கம் உள்ளவர். மனைவி பொறுமையுடன் அனுசரித்துச் செல்லுமாறு ஆலோசனை வழங்கப்பட்டது.'

"அவரு அடிக்கிறாரான்னு கேட்டியாம்மா?"

"கேக்கல மேடம். எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

"அந்தம்மாவுக்கு என்ன வேணுமாம்?"

"அவரு குடிக்காம இருந்தாப் போதும்னாங்க."

"நீ யாருக்கு ஆலோசனை சொல்லிட்டு வந்துருக்க?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டுலயும் இப்படித்தான் மேடம் சொல்லுவாங்க" என்றார்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்து 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அலுவலர், குடியிருப்பு உரிமை உத்தரவு, 181 உதவி எண், ஒருங்கிணைந்த சேவை மையம் எல்லாவற்றையும் அந்த மாணவி பரீட்சையில் பத்து மார்க் விடையாக எழுதக்கூடியவர். ஆனால் திண்ணையில் ஒரு அக்கா முன்னால் உட்கார்ந்தபோது வாயில் வந்தது அம்மாச்சி சொன்ன பேச்சு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், சொல்லாமல் வெளியே போவது, சமையல் சரியில்லாதது, மாமனார் மாமியாரை மதிக்காதது என ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் ஒன்றுக்காவது கணவன் மனைவியை அடிப்பது சரியா என்று கேட்டார்கள். நாடு முழுக்கப் பெண்களில் 45 சதவீதமும் ஆண்களில் 44 சதவீதமும் சரி என்றார்கள். நம் மாணவிகள் இந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். இரண்டு வருடப் படிப்பு மொழியை மாற்றிவிடுகிறது. அவசரத்தில் வரும் முதல் வார்த்தையை மாற்ற அதைவிட அதிக நாளாகிறது.

இனி வீட்டு வேலை. கிராம முகாம் போய்வந்திருப்பீர்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உணவுக் குழு, நிகழ்ச்சிக் குழு, நிதிக் குழு என்று பெயர் பிரித்துத் தாளில் எழுதும்போது எல்லாக் குழுவிலும் சரிபாதி ஆண், சரிபாதி பெண். இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பள்ளிக்கூட வராந்தாவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பது முழுக்கப் பெண் பிள்ளைகள். பையன்கள் மைக் செட் கட்டுகிறார்கள், ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். கேட்டால், "நாங்கதான மேடம் கேஸ் சிலிண்டர் தூக்குனோம்" என்கிறார்கள். சிலிண்டரை ஒரு தடவை தூக்கினால் போதும், வெங்காயம் தினமும் உரிக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி கூடி முகாமை மதிப்பீடு செய்யும்போது இதை எந்த மாணவியும் எழுப்பவில்லை. எழுப்பினால் 'பெமினிஸ்ட் வந்துட்டா' என்று இரண்டு வருடமும் அதுவே பட்டப்பெயர் ஆகிவிடும்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. கிராமத்துப் பெண்களிடம் போய் 24 மணி நேர வேலைப் படம் வரைவதற்கு முன்னால், லீவில் ஊருக்குப் போகும்போது அவரவர் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதை வரைந்துகொண்டு வாருங்கள் என்பேன். வேலையை அம்மாவிடம் கேட்டு எழுதக் கூடாது, கூடவே இருந்து பார்த்து எழுத வேண்டும். அம்மாவிடம் கேட்டால் 'சும்மாதான்ப்பா இருந்தேன்' என்று சொல்லி மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடுவார். 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் அது 299, 97. பெண்களின் நேரம் கொஞ்சம் குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்றால் ஆண்களின் நேரமும் சேர்ந்து குறைந்திருக்கிறது. இந்த எண்களை வகுப்பில் சொன்னால் குறித்துக்கொள்கிறார்கள். அம்மாவின் படத்தை வரைந்துவிட்டு வந்தவர்கள்தான் சண்டை போடுகிறார்கள். ஒரு பையன், "அப்பா தறிக்குப் போறாரு மேடம், அதைக் கணக்குல சேக்காம எப்படி?" என்று விடாமல் கேட்டான். நியாயமான கேள்வி. நூல் சுற்றிக்கொடுப்பது அம்மாவின் கட்டத்தில் வருமா, அப்பாவின் கட்டத்தில் வருமா என்று அடுத்த வாரம் அவனே திரும்பி வந்து கேட்டான்.

'எங்க வீட்டுல மதுரை ஆட்சிதான், சிதம்பரம் இல்ல' என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளும் நிறைய. பொய் இல்லை. நம் பக்கத்தில் சம்பளம் அம்மா கைக்குத்தான் போகும், மொய் நோட்டு அம்மாவிடம்தான் இருக்கும், யார் வீட்டுக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பதும் அம்மா சொல்வதுதான். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்டுப் பாருங்கள். சம்பந்தம் பேசும்போது பாயில் உட்கார்ந்திருப்பது யார், குழுக் கடன் அம்மா பேரில் வாங்கி எதற்குப் போனது என்றும் கேளுங்கள். வீட்டுச் செலவில் அதிகாரம் இருப்பதை வைத்தே வீட்டில் சமத்துவம் இருக்கிறது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சொத்து என்று வந்தவுடன் நிறம் மாறும் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மாநிலம் இது. 1989-இலேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்து, அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. அது பிறப்பால் வரும் உரிமை, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தே பையன்கள், "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, காதுகுத்துக்கு தாய்மாமன் சீரும் நாங்கதான செய்யணும்" என்கிறார்கள். பெண்கள், "கேக்கலாம் மேடம், அப்புறம் அண்ணன் வீட்டு வாசல்ல கால் வைக்க முடியாது" என்கிறார்கள். உரிமை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நாளைக்குப் புருஷன் வீட்டில் ஏதாவது ஒன்று என்றால் திரும்பி வர ஒரு வீடு வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கு விலையாக, பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். இதை அறியாமை என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அவர்கள் நிலைமையில் அது நன்றாக யோசித்து எடுத்த முடிவு. மகளிர் நலத் திட்டங்களின் விளைவு பற்றி வரும் ஆய்வேடுகளுக்கு எங்கள் அலுவலகத்தில் குறைவே இல்லை, இதைத் தோண்டிய ஒன்று என் கைக்கு வந்ததில்லை.

சிறப்புப் பாடம் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதை. ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவந்ததால், சமூகப்பணிப் படிப்பில் மனிதவளப் பிரிவுக்கு எப்போதும் கிராக்கி. அங்கே பையன்கள். மருத்துவ, மனநலப் பிரிவில் பெண்கள். மனிதவளத்துக்கு ஆசைப்பட்ட பெண் பிள்ளையை 'பாக்டரி வேலை வேணாம், ஆஸ்பத்திரின்னா கௌரவம்' என்று வீட்டில் மாற்றி எழுத வைத்திருப்பார்கள்.

உதவித் திட்டங்கள் பற்றிய புகைச்சலையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, 2022-இல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை. 'எல்லாமே பொம்பளப் பிள்ளைகளுக்குத்தான்' என்று முனகிய பையன்கள் 2024-இல் பையன்களுக்கும் மாதம் ஆயிரம் தரும் தமிழ்ப் புதல்வன் வந்த பிறகு அடங்கிவிட்டார்கள். வெறுப்பு என்று அதைச் சொல்ல மாட்டேன். அவன் வீட்டிலும் கஷ்டம்தான், அவன் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கிறான். இந்த இடத்தில் அவனோடு உட்கார்ந்து பேசாமல் 'ஆணாதிக்கம்' என்று முத்திரை குத்திவிட்டால் அப்புறம் அவன் வாயே திறக்க மாட்டான்.

உசிலம்பட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெண் சிசுக்கொலை பற்றி 1986-இல் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த கட்டுரைக்குப் பிறகு இந்த ஊர்ப் பெயரே ஒரு குற்றச்சாட்டு மாதிரி ஆகிவிட்டது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 943 பெண். இயற்கையாகவே ஆண் குழந்தை சற்று அதிகம் பிறக்கும், அதைக் கழித்துப் பார்த்தாலும் கொஞ்சம் குறைகிறது. வெளியிலிருந்து வரும் மாணவர்கள் முதல் நாளே 'கள்ளிப்பால் கொடுத்த வீட்டைக் காட்டுங்க மேடம்' என்று ஆர்வமாக வருவார்கள். இது யாரோ ஒரு சாதிக்காரர்கள் எப்போதோ செய்த பாவம் என்று எடுத்துக்கொண்டால் தன் அக்கா கல்யாணத்துக்குப் போட்ட நகையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

சாதிதான் இந்த விஷயத்தில் கடைசிச் சுவர். பெண் விரும்பியவரைக் கல்யாணம் செய்யலாம் என்ற வாக்கியத்துக்கு டிக் விழும். 'உங்கள் தங்கை, வேறு சாதியில்' என்று நாலு வார்த்தை சேர்த்துப் பாருங்கள், பேனா நிற்கும். 2014-இல் உசிலம்பட்டிப் பகுதியில் நடந்த ஓர் ஆணவக் கொலை தொடர்பான வழக்கில்தான், கலப்புத் திருமணம் செய்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2016-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மேல்நாட்டு அளவுகோல் எதிலும் இந்தக் கேள்வி இருக்காது. மதுரையில் சாதியை விட்டுவிட்டுப் பாலினம் பற்றி மட்டும் ஆய்வு செய்தால் எல்லாருமே முற்போக்காகத் தெரிவார்கள். திருநங்கைகள் விஷயத்தில் பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிடத் தெளிவு. திருநங்கையையும் மணமகளாகக் கொண்டு திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-இல் தீர்ப்பு வந்ததே உயர் நீதிமன்றத்தின் இந்த மதுரைக் கிளையில்தான், அதை விவாதிக்கிறார்கள். விடுதி அறையைப் பகிர்ந்துகொள்வீர்களா என்றால் பேச்சு குறைகிறது.

மற்ற துறை மாணவர்களோடு ஒப்பிட்டால்? என் கணிப்பில், சேரும்போது பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வருவது களப்பணியில், அதுவும் பதிவேட்டை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்கும் மேற்பார்வையாளர் அமைந்தால்தான். 'அனுசரித்துப் போ' என்று எழுதிய மாணவியை அதே வீட்டுக்குத் திரும்ப அனுப்பினேன். இந்தத் தடவை அவர் அந்த அக்காவிடம் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் வந்தார். மூன்றாவது தடவை அந்த அக்கா தானாக முதுகைக் காட்டினார்.

உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். டிக் அடிக்கும் வாக்கியங்களைக் குறைத்து, நாலைந்து சிறு சம்பவங்களை எழுதிக் கொடுங்கள். குடிக்கிற கணவன், பங்கு கேட்கும் தங்கை, ராத்திரிக் கூட்டம், முகாம் சமையல். 'நீங்கள் களப்பணியாளர், என்ன செய்வீர்கள்' என்று திறந்த கேள்வியாக, தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் பாடப்புத்தகம்தான் திரும்பி வரும். முகாமுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு தடவை கேட்டால் ஒப்பிடலாம். உங்கள் சொந்த வகுப்பில் எடுக்காதீர்கள், வேறு கல்லூரிக்குப் போங்கள். மாணவர்களின் பழைய பதிவேடுகளைப் படிக்க விரும்பினால் எங்கள் மாதிரி நிறுவனங்கள் தரும். உங்கள் துறைத் தலைவரின் கடிதமும் எழுதிய மாணவரின் சம்மதமும் வேண்டும். குடும்பத்தின் பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் நாங்கள் அடித்துவிட்டுத்தான் நகல் கொடுப்போம். அதற்கே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், ஆகவே தலைப்பு முடிவானதும் முதலில் அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.